சோஹார் ஸ்டோரில் பதினாறு வருடம்

என்னிடம் பழைய பின் கார்டு ஒன்று இருக்கிறது. ஸ்டோரில் ரேக்குக்கு ரேக், பொருளுக்குப் பொருள் ஓர் அட்டை தொங்கும். எத்தனை வந்தது, எத்தனை போனது, கையிருப்பு எவ்வளவு, யார் வாங்கிப் போனார்கள் என்று அதில் வரிசையாக எழுதுவோம். கம்ப்யூட்டருக்கு மாறியபோது அட்டைகளை எல்லாம் குப்பையில் போடச் சொன்னார்கள். நான் ஒன்றை மட்டும் எடுத்து டைரிக்குள் வைத்துக்கொண்டேன். 4 இன்ச் ஸ்பைரல் கேஸ்கெட்டின் அட்டை. குழாய் இணைப்பில் ஒழுகாமல் இருக்க வைக்கும் வளையம்தான் கேஸ்கெட். அதன் ஓரத்தில் ஸ்கேல் வைத்து நானே ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருந்தேன், சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுத. 2006இல் துபாய், துபாய், துபாய். 2008இல் ஒரே ஒரு முறை மஸ்கட். மறுபடியும் துபாய். அட்டை முடிகிற கடைசி வரியில், 2012இல், சோஹார்.

ஓமன் எண்ணெயை நம்பியிருப்பதைக் குறைத்து வேறு தொழில்களுக்கு மாறுகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் நான் அந்த அட்டையைத்தான் நினைத்துக்கொள்வேன். அந்த நாட்டின் துறைமுக ஊரான சோஹாரில் 2006 முதல் 2022 வரை பதினாறு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஒரே கம்பெனி, ஒரே ஸ்டோர். ஆலைகளுக்குப் பராமரிப்பு வேலை செய்யும் ஒப்பந்தக் கம்பெனி அது. ஆளும் அனுப்புவோம், உதிரி பாகமும் அனுப்புவோம். அந்த ஊரில் எந்த ஆலை எப்போது எழுந்தது, எது நன்றாக ஓடியது, எது எப்போது திணறியது என்பது எங்கள் ஸ்டோர் கவுன்டரில் முதலில் தெரிந்துவிடும்.

நான் போய் இறங்கிய வருடம் சோஹாரில் எங்கு பார்த்தாலும் மணலும் கிரேனும்தான். மஸ்கட்டிலிருந்து பாத்தினா கடற்கரை வழியாக வடமேற்கே 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வழி நெடுக ஒரு பக்கம் பேரீச்சந்தோட்டம், மறுபக்கம் தூரத்தில் மலை. துறைமுகம் திறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஓமன் அரசும் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகமும் கூட்டுச் சேர்ந்து கட்டியது. சுத்திகரிப்பு ஆலை அந்த வருடம்தான் ஓட ஆரம்பித்தது. அலுமினிய ஆலைக்குத் தூண்கள் எழுந்துகொண்டிருந்தன. ஃபலஜ் அல் கபாயில் பக்கம் எங்கள் கேம்ப். ஓர் அறைக்கு ஆறு பேர். சம்பளம் 110 ரியால், சாப்பாடும் தங்குவதும் கம்பெனி பொறுப்பு.

அப்போது எங்கள் ஸ்டோருக்கு ஒரு பேரிங் வேண்டுமென்றால் துபாய்க்குத்தான் போன் போட வேண்டும். துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் கன்டெய்னர் இறங்கி, அங்கே ஒரு வியாபாரியின் கிடங்கில் கிடந்து, பிக்கப்பில் ஏறி, வஜாஜா எல்லைச் சாவடியில் பேப்பர் காட்டி வந்து சேரும். அவசரம் என்றால் டிரைவரை விடிகாலையிலேயே அனுப்பி, மத்தியானத்துக்குள் கையில் வாங்கிவிடுவோம். எல்லையில் ஒரு முத்திரை தவறிப்போனால் அடுத்த நாள். அதற்குள் இங்கே ஒரு பம்ப் நின்றிருக்கும். நாட்டின் புதிய தொழில் நகரமே பக்கத்து நாட்டுக் கிடங்குகளை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஏன் சோஹார், ஏன் இவ்வளவு அவசரம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வளைகுடா என்றாலே தோண்டினால் எண்ணெய் கொப்பளிக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஓமன் அப்படிப்பட்ட நாடு இல்லை. அங்கே எண்ணெய் சிறிய சிறிய வயல்களில், கடினமான பாறைகளுக்குள், சிதறிக் கிடக்கிறது. 1960களின் தொடக்கத்தில் யிபால், நதிஹ், ஃபஹூத் என்று வரிசையாகக் கண்டுபிடித்து, 1967 ஜூலையில் முதல் கப்பலை அனுப்பினார்கள். 2001 வாக்கில் உற்பத்தி உச்சத்தைத் தொட்டு, பிறகு வருடா வருடம் இறங்கியது. 2007 வரை அந்த இறக்கம் நிற்கவில்லை. நீராவி செலுத்தியும், ரசாயனக் கரைசல் செலுத்தியும், இன்னும் பல வழிகளில் சிரமப்பட்டும்தான் மறுபடி நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாய் அளவுக்குக் கொண்டு வந்தார்கள். அப்படி எடுப்பதற்குச் செலவு அதிகம். பக்கத்து நாடுகள் பிற்பாடு பட்ட கவலையை ஓமன் முன்கூட்டியே பட்டது. 1995இலேயே "விஷன் 2020" என்று ஒரு திட்டம் போட்டார்கள். பொருளாதாரத்தில் கச்சா எண்ணெயின் பங்கை 2020க்குள் 9 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. அதை எட்ட முடியவில்லை. ஆனால் சோஹார் அந்தத் திட்டத்தின் பிள்ளைதான்.

தீர்ந்துபோவது என்றால் என்ன என்று அந்த மண்ணுக்கு ஏற்கனவே தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஃபோர்மேன், மலையாளி, என்னை வாதி ஜிஸ்ஸி பக்கம் கூட்டிப் போனார். மலையடிவாரத்தில் கருப்புக் கருப்பாகக் குவியல்கள். தாமிரம் உருக்கி எடுத்தபின் கொட்டிய கசடு என்றார். நான்காயிரம் வருடத்துக்கு முன்பே இந்த நாட்டிலிருந்து மெசபடோமியாவுக்குத் தாமிரம் போயிருக்கிறது. மெசபடோமியாக்காரர்கள் இதை மாகன் (Magan) நாடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1980களில் அதே வட்டாரத்தில் அரசு மறுபடியும் சுரங்கம் திறந்து உருக்காலை வைத்தது. பத்துப் பதினைந்து வருடத்தில் தாது தீர்ந்தது. ஒரு கசடுத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழவென்று, அளவுக்கு மீறிய கனமாக இருந்தது. அதைத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

சரி, எண்ணெய்க்குப் பதிலாக என்ன வந்தது? அலுமினியம், இரும்பு, பெட்ரோகெமிக்கல். பார்வைக்கு எல்லாம் வேறு வேறு தொழில். ஆனால் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் அடியில் இருப்பது ஒன்றே ஒன்று. எரிவாயு.

அலுமினியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓமனில் அதற்கான தாது கிடையாது. வெள்ளை மாவு மாதிரி இருக்கும் அலுமினா கப்பலில் வரும். அதைத் தொட்டிகளில் போட்டு மின்சாரம் பாய்ச்சினால் உலோகம் பிரியும். ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். சோஹார் ஆலை வருடத்துக்கு 3,75,000 டன் அளவுக்கு உருக்குகிறது. அந்த மின்சாரத்துக்காகவே ஆலையோடு ஒரு மின் நிலையம் கட்டினார்கள். அது ஓடுவது எரிவாயுவில். ஆக, உள்நாட்டிலிருந்து குழாயில் வரும் வாயு இங்கே வந்து உலோகக் கட்டியாகிக் கப்பல் ஏறுகிறது. இரும்பும் அப்படித்தான். பிரேசிலிலிருந்து நான்கு லட்சம் டன் சுமக்கும் கப்பல்கள் தாதுவைக் கொண்டுவந்து கொட்டும். அதை உருண்டைகளாக்கிச் சுடுவதற்கும் வாயு வேண்டும், அந்த உருண்டையிலிருந்து இரும்பு எடுப்பதற்கும் வாயு வேண்டும்.

இதைச் சிலர் ஏமாற்று வேலை என்பார்கள். எண்ணெயை விட்டோம் என்று சொல்லிவிட்டு வாயுவை வேறு உருவத்தில் விற்கிறார்கள், அவ்வளவுதான் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றினால் அதோடு கதை முடிந்தது. சூர் பக்கம் கல்ஹாத்தில் 2000இலிருந்து அதைத்தான் செய்கிறார்கள், காசும் வருகிறது. அதே வாயு சோஹாரில் அலுமினியமாக மாறும்போது அதைச் சுற்றி வேறு வேலைகள் முளைக்கின்றன. ஆலையிலிருந்து உலோகத்தை உருகிய நிலையிலேயே மூடிய கலத்தில் வைத்து லாரியில் பக்கத்து ஆலைகளுக்குக் கொண்டுபோவார்கள். மறுபடி உருக்கும் செலவு மிச்சம். அங்கே அது கம்பியாகும், தகடாகும். கம்பி ஆலைக்கு உருளைகள் வேண்டும், உருளைகளைக் கடைந்து சரிசெய்ய லேத் பட்டறை வேண்டும், பட்டறைக்கு ஆள் வேண்டும். 2012இல் என் பின் கார்டில் சோஹார் என்று எழுதியது அப்படி வந்ததுதான். ஒரு சின்னப் பட்டறைக்காரர் கேஸ்கெட் வெட்டும் மெஷின் போட்டிருந்தார். முதல் தடவை அவரிடம் வாங்கியபோது ஃபோர்மேன் நம்பவில்லை. இருபது கேஸ்கெட்டையும் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தோம். இருபதும் சரியாக இருந்தன.

2014 ஆகஸ்ட் கடைசியில் மஸ்கட்டின் பழைய துறைமுகத்தில் இறங்கிய சரக்குப் போக்குவரத்தை மொத்தமாக சோஹாருக்கு மாற்றினார்கள். மஸ்கட்டில் இனி பயணிகள் கப்பல் மட்டும் என்று முடிவு. எங்களுக்கு அது பெரிய மாற்றம். கன்டெய்னர் நேராக எங்கள் ஊருக்கே வர ஆரம்பித்தது. துபாய்க்கு ஓடிய டிரைவருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை குறைந்தது. 2017 ஜூனில் கத்தாரோடு பக்கத்து நாடுகள் உறவை முறித்துக்கொண்டபோது கத்தாருக்குப் போக வேண்டிய சரக்கு சோஹார் வழியாகத் திரும்பியது. துறைமுகச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்ற அந்தக் கோடையை மறக்க முடியாது. ஜெபல் அலியை நம்பியிருந்த ஊர், இன்னொரு நாட்டுக்கு வாசலாக நின்றது.

இதெல்லாம் நல்ல பக்கம். நான் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை.

2011 பிப்ரவரி கடைசியில் சோஹாரில் கலவரம் நடந்தது. ஊருக்குள் நுழையும் இடத்தில் பெரிய பூமி உருண்டை வைத்த ரவுண்டபவுட் ஒன்று இருந்தது. அங்கேதான் இளைஞர்கள் கூடினார்கள். வேலை கேட்டார்கள், ஊழல் செய்தவர்களை நீக்கச் சொன்னார்கள். போலீஸ் சுட்டதில் உயிர் போனது. ஒரு பெரிய கடை எரிந்தது. எங்களை இரண்டு நாள் கேம்ப்பை விட்டு வெளியே வரவேண்டாம் என்றார்கள். மொட்டை மாடியில் நின்று தூரத்தில் எழுந்த புகையைப் பார்த்தோம். சுல்தான் காபூஸ் 50,000 பேருக்கு வேலை தருவதாக அறிவித்தார். தனியார் துறையில் ஓமானியர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளம் அதே மாதம்தான் 140 ரியாலிலிருந்து 200 ஆகியிருந்தது. 2013இல் அது 325 ஆனது. அந்த ரவுண்டபவுட்டை இடித்து மேம்பாலம் கட்டிவிட்டார்கள். இப்போது போகிறவர்களுக்கு அங்கே என்ன நடந்தது என்று தெரியாது.

அந்த இரண்டு நாளும் என்னைக் குடைந்தது ஒரு கேள்விதான். இவ்வளவு பணம் கொட்டி இத்தனை ஆலை கட்டிய ஊரில், அந்த ஊர்ப் பையனுக்கு ஏன் வேலை இல்லை?

முதல் காரணம், இந்த ஆலைகளுக்குப் பணம்தான் நிறைய வேண்டும், ஆள் கொஞ்சம் போதும். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் அலுமினியக் கூடத்துக்குள் போய்ப் பார்த்தால் கண்ணில் படுகிற மனிதர்கள் கொஞ்சம்தான். ஆள் நிறைய தேவைப்படும் வேலை ஆலைக்கு வெளியே, எங்களைப் போன்ற ஒப்பந்தக் கம்பெனிகளில் இருந்தது. வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுபவர், டிரைவர், ஸ்டோர் கீப்பர். அங்கே நாங்கள் இருந்தோம்.

ஏன் நாங்கள்? ஓமானியப் பையன் உழைக்க மாட்டான், அதனால்தான் என்று எங்கள் கேம்ப்பில் சொல்வார்கள். நானும் சில வருடம் அதை நம்பினேன். பாத்தினாவில் விடிகாலை மூன்று மணிக்குக் கடலில் வலை இறக்கும் ஆட்களைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மை கணக்கில் இருக்கிறது. எனக்கு 2011இல் 150 ரியால். ஓமானியருக்கு 200 கொடுத்தாக வேண்டும், காப்பீட்டு நிதிக்கும் கட்ட வேண்டும். அதைவிட முக்கியமான இன்னொரு வித்தியாசம், அவனுக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகலாம். என்னால் முடியாது. என் பத்தாக்காவில், அதாவது அங்கே தங்குவதற்கான அடையாள அட்டையில், கம்பெனி பெயர் இருந்தது. கம்பெனி என்.ஓ.சி., அதாவது ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், கொடுக்காமல் நான் வேறு முதலாளியிடம் போக முடியாது. சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனாலும் வாயைத் திறக்காமல் வேலை பார்க்கிற ஒருவன் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, எந்த முதலாளி உள்ளூர்ப் பையனை எடுத்துக் கற்றுக்கொடுப்பான்?

எரிவாயு மலிவு, நாங்களும் மலிவு. புதுத் தொழில்கள் இந்த இரண்டு மலிவின் மேல்தான் நின்றன. இதை நான் கசப்போடு சொல்லவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் படித்தது அந்த 150 ரியாலில்தான். ஆனால் நான் கட்டப்பட்டுக் கிடந்ததுதான் அந்தப் பையனையும் வெளியே நிறுத்தியது. இது எனக்குப் புரிய ஐந்து வருடம் ஆனது.

அரசு வேறு வழியில் போனது. ஒவ்வொரு துறையிலும் இத்தனை சதவீதம் ஓமானியர் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். நான் வேலை செய்த கம்பெனியில் அந்தக் கணக்கை எப்படிச் சரிசெய்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆறேழு பேரின் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கும். மாதக் கடைசியில் பணம் போகும். ஆள் வரமாட்டார். கம்பெனிக்கு வெளிநாட்டு ஆட்களுக்கான விசா கிடைத்துவிடும், அவருக்குச் சும்மா ஒரு தொகை கிடைத்துவிடும். ஒரு தொழிலும் அவர் கைக்கு ஏறாது. இதைவிடப் பெரிய கெடுதலை அந்தப் பிள்ளைகளுக்குச் செய்ய முடியாது என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒருவன் வந்தான். 2014 அக்டோபரில். பாத்தினா கரையில் உள்ள ஷினாஸ் ஊர்க்காரன், மீனவர் வீட்டுப் பையன், வயது 21. பட்டியலில் பெயர் போட்டதும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், இவன் போகவில்லை. காலை ஏழு மணிக்கு ஸ்டோர் வாசலில் வந்து நின்றான். "உஸ்தாத், என்ன செய்ய?" என்றான், ஹிந்தியில். அந்தப் பக்கத்து ஆட்கள் பலருக்கு ஹிந்தி நன்றாக வரும். நான் அவனிடம் ஒரு துணியைக் கொடுத்து, குழாய்களை இணைக்கும் ஃபிளேஞ்சுகளைத் துடைக்கச் சொன்னேன். அவன் போய்விட வேண்டும் என்றுதான் கொடுத்தேன். சாயங்காலம் வரை துடைத்தான். துடைத்ததோடு நிற்காமல், ஒவ்வொன்றின் மேலும் குத்தியிருந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். இதெல்லாம் என்ன என்று கேட்டான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு ஸ்டோருக்கு இரண்டு ஸ்டோர் கீப்பர் தேவையில்லை. என் பெண் அப்போது பத்தாம் வகுப்பு. ஒரு வாரம் அவனைத் துடைக்கவே விட்டேன். இதை இன்றைக்கு எழுதும்போதும் மனம் கூசுகிறது.

எட்டாவது நாள் கார்பன் ஸ்டீலுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் எப்படி வித்தியாசம் பார்ப்பது என்று காட்டினேன். காந்தத்தை வைத்துப் பார், ஆனால் காந்தத்தை மட்டும் நம்பாதே, சர்டிஃபிகேட்டில் ஹீட் நம்பரை, அதாவது எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்ணை, பார், அது பொருளின் மேல் குத்தியிருக்கும் எண்ணோடு ஒத்துப் போகிறதா பார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. எந்தப் பொருளை எத்தனை மீதி இருக்கும்போது மறுபடி ஆர்டர் போட வேண்டும், வருடாந்தர ஷட்டவுனுக்கு ஆறு மாதம் முன்பே எதை வாங்கி வைக்க வேண்டும், எந்த ரப்பர் சீல் கோடையில் ஏ.சி. இல்லாத அறையில் கெட்டுப்போகும், நள்ளிரவில் ஃபிட்டர் வந்து கையெழுத்துப் போடாமல் எடுத்துப் போனால் காலையில் எப்படிக் கேட்க வேண்டும். அவன் எனக்கு அரபி எழுத்துகள் சொல்லிக்கொடுத்தான். வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கஹ்வாவும் பேரீச்சம்பழமும் கொண்டுவருவான். அவன் அப்பாவுக்கு இரண்டு படகு. முன்பெல்லாம் கிடைத்த மத்தி இப்போது கிடைப்பதில்லை என்று சொல்வான். அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் கடல்நீர் ஏறி எலுமிச்சை பட்டுப்போன கதையும் சொல்வான். பாத்தினா முழுக்க அந்தக் கதை உண்டு. பம்ப் வைத்து நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல் உள்ளே வந்துவிட்டது. மீனும் தோட்டமும்தான் அந்தக் கரையின் பழைய தொழில்கள். புதுத் தொழில்களைப் பேசும்போது இவற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆலைப் புகையையும்தான். துறைமுகத்தை ஒட்டிய லிவா ஊர்க்காரர்கள் 2013இல் அந்தப் புகை தாங்காமல் சாலையை மறித்தார்கள்.

2016இல் ஒன்று நன்றாக விளங்கியது. அந்த ஜனவரியில் எண்ணெய் பீப்பாய் 30 டாலருக்கும் கீழே போனது. எங்கள் ஆலைகளில் எண்ணெய் விற்கவில்லையே, நமக்கு என்ன என்று நினைத்தோம். மார்ச்சில் சம்பளம் வரவில்லை. ஏப்ரலிலும் வரவில்லை. கம்பெனிக்கு அரசு வேலைகளில் வர வேண்டிய பணம் நின்றுபோயிருந்தது. வங்கியும் கையை இறுக்கியது. லிட்டர் 120 ஓமன் பைசாவாக இருந்த சூப்பர் பெட்ரோல் 160 ஆனது. அரசு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எண்ணெயும் வாயுவுமாக இருக்கிற நாட்டில் அலுமினிய ஆலைக்கு உதிரி பாகம் அனுப்பும் ஸ்டோர் கீப்பருக்கும் எண்ணெய்தான் சம்பளம் தருகிறது. அந்த இரண்டு மாதமும் ஷினாஸ் பையன் வீட்டிலிருந்து எங்கள் கேம்ப்புக்கு மீன் வந்தது. காசு வாங்கவில்லை.

2018 ஜனவரியில் 87 வகை வேலைகளுக்குப் புது விசா கிடையாது என்று அறிவித்தார்கள். முதலில் ஆறு மாதத்துக்கு என்றார்கள், பிறகு நீட்டிக்கொண்டே போனார்கள். கேம்ப்பில் படுக்கைகள் காலியாகத் தொடங்கின. 2020 ஜனவரியில் சுல்தான் காபூஸ் காலமானார். ஐம்பது வருடம் ஆண்டவர். ஷினாஸ் பையன் ஸ்டோரின் பின்னால் போய் உட்கார்ந்து அழுதான். அந்த வருடமே கொரோனா, அதோடு எண்ணெய் விலை மறுபடி சரிந்தது. நாட்டின் கடன் மொத்தப் பொருளாதாரத்தில் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. புது சுல்தான் ஹைதம் செலவை வெட்டினார், 2021 ஏப்ரலில் 5 சதவீத வாட் வரி கொண்டுவந்தார். பிறகு எண்ணெய் விலை ஏறியபோது கிடைத்த பணத்தில் கடனை அடைத்தார்கள். பொருளாதாரத்தில் கடனின் பங்கு பாதியளவுக்குக் குறைந்தது. 2024இல் வெளிநாட்டுத் தர நிர்ணய நிறுவனங்கள் ஓமனை முதலீட்டுத் தகுதி உள்ள நாடாக மறுபடி ஏற்கத் தொடங்கின. பணம் வந்தபோது அதைச் செலவழிக்காமல் கடனை அடைத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வீட்டுக் கணக்கு பார்ப்பவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை அந்தக் காலத்தின் பெரிய சீர்திருத்தம் வேறு. 2021 ஜனவரி முதல் என்.ஓ.சி. தேவையில்லை என்றார்கள். ஒப்பந்தம் முடிந்தால் வேறு கம்பெனிக்குப் போகலாம். இதைப் பொருளாதாரச் செய்தியாக யாரும் எழுதவில்லை, தொழிலாளர் செய்தியாகத்தான் போட்டார்கள். எங்கள் கம்பெனியில் மூன்றே மாதத்தில் நல்ல வெல்டர்கள் எட்டுப் பேர் வேறு இடம் போனார்கள். மீதி இருந்தவர்களுக்குச் சம்பளம் ஏற்றினார்கள். ஏற்றியதும் எங்களுக்கும் ஓமானியருக்கும் இருந்த இடைவெளி சுருங்கியது. அதற்குப் பிறகுதான் மேனேஜர் பட்டியலில் இருந்த பெயர்களை உண்மையிலேயே வேலைக்குக் கூப்பிட்டார். சதவீதக் கணக்கு பத்து வருடத்தில் செய்யாததை இந்த ஒரு விதி செய்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இப்போது ஓமன் பெரிய பெரிய விஷயங்களைச் செய்கிறது. துக்மில் நாளுக்கு 2,30,000 பீப்பாய் சுத்திகரிக்கும் ஆலையை 2024இல் திறந்துவிட்டார்கள். சூரிய ஒளியிலும் காற்றிலும் ஹைட்ரஜன் தயாரிக்கப் பாலைவனத்தில் நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். சலாலாவுக்குக் கரீஃப் மழையைப் பார்க்க 2024இல் பத்து லட்சம் பேருக்கு மேல் போனார்கள். விஷன் 2040 என்று புதுத் திட்டம், அதில் எண்ணெய் அல்லாத துறைகளின் பங்கு 90 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்று இலக்கு. 2028இலிருந்து வருடத்துக்கு 42,000 ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு 5 சதவீத வருமான வரி. வளைகுடாவிலேயே இதுதான் முதல். எங்கள் ஸ்டோரில் வேலை செய்த ஒருவரும் அந்த வரம்பின் பக்கத்தில்கூட வரமாட்டோம். அரசுக்கு எண்ணெயைத் தவிரவும் ஒரு வருமானம் வேண்டும், அது உள்ளவர்களிடமிருந்து வரட்டும் என்ற எண்ணம் சரியானது. எனக்கு ஹைட்ரஜனைவிடச் சின்னப் பட்டறைகள் மீதுதான் நம்பிக்கை. ஹைட்ரஜனும் பணம் நிறைய வேண்டும், ஆள் கொஞ்சம் போதும் என்கிற ஜாதிதான். பத்துப் பேர் வேலை செய்யும் கேஸ்கெட் பட்டறை நூறு வந்தால் ஷினாஸில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியும்.

2022 மே மாதம் என்னைக் கூப்பிட்டு விசா புதுப்பிக்கப் போவதில்லை என்றார்கள். ஸ்டோர் பொறுப்பு ஷினாஸ் பையனுக்கு. எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் அடிவயிற்றில் ஏதோ செய்தது. பதினாறு வருடத்துக்கான பணிக்கொடைக் கணக்கில் நான்கு மாத அலவன்ஸை விட்டுவிட்டார்கள். அவனே மேனேஜர் அறைக்குப் போய் அரபியில் சத்தம் போட்டு வாங்கிக் கொடுத்தான். கடைசி வாரம் இருவரும் முழு ஸ்டாக் எடுத்தோம். 6,400 பொருளுக்கு மேல். எண்ணிக்கையில் ஏழு பொருள்தான் இடித்தது. அதில் ஐந்தைக் கண்டுபிடித்தோம்.

ஷினாஸ் பையனுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. போன மாதம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். ஒரு பம்ப்பின் மேலுறையை இப்போது சோஹாரிலேயே வார்க்கிறார்களாம், விலை பாதிதானாம், வாங்கலாமா என்று கேட்டிருந்தான். முதலில் ஒன்று மட்டும் வாங்கு, தண்ணீரை அழுத்தி ஹைட்ரோ டெஸ்ட் பண்ணிப் பார்க்காமல் பில்லில் கையெழுத்துப் போடாதே என்று சொன்னேன். பண்ணியாகிவிட்டது உஸ்தாத், ஒழுகவில்லை, ஆனால் போல்ட் ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, திருப்பி அனுப்பிவிட்டேன், அடுத்த வாரம் சரிசெய்து கொண்டுவருவார்கள் என்றான்.